ஓம எண்ணெயும் மாமனாரின் கண்ணும்

1958 மார்ச் 12, புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுக் குளித்தேன். முந்தின நாள் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த உப்புநீரைப் பழைய பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டேன். அந்த பிளாஸ்க் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். குளியலறைக்கு வெளியே ஓர் ஆணியில் அது தொங்கும். காபி குடித்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

உக்கடம் பக்கத்தில் ஒரு கசாப்புக் கடை. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய், அப்போதுதான் அறுத்த வெள்ளாட்டின் சிறுகுடலில் ஒரு சாண் துண்டு வாங்கி, பிளாஸ்கில் போட்டு மூடிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவது என் வேலையின் பகுதி.

“என்ன சார், இன்னிக்கும் ஒரு சாண்தானா?” என்றார் கடைக்காரர். “முழுசா வாங்கிட்டுப் போனா வீட்ல குழம்பாவது ஆகும்.”

“எங்க வீட்டுல என்னையே கால் கழுவிட்டுத்தான் உள்ள விடறாங்க” என்றேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஓமவாட்டர், சோம்பு நீர், சதகுப்பை எண்ணெய் போன்றவற்றை வடித்தார்கள். பெரிய தாமிர வாலையில் ஓமத்தையும் தண்ணீரையும் போட்டுக் கொதிக்க வைத்தால், ஆவி குளிர்ந்து இறங்கும்போது மேலே மெல்லிய எண்ணெய் மிதக்கும். அந்த எண்ணெயில்தான் ஓமத்தின் காரமும் மணமும் குணமும் இருக்கின்றன. ஒவ்வொரு வடிப்பும் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் உத்தியோகம். மணத்தையும் எடையையும் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். எனக்கு அது போதாது. வயிற்றுக்கான மருந்தை ஒரு வயிறு பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன்.

கை, காலில் இருப்பது நம் சொல் கேட்கிற தசை. குடலிலும் இரைப்பையிலும் இருப்பது வேறு வகை. மென்தசை என்பார்கள். நாம் தூங்கினாலும் அது பாட்டுக்குச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். ஆட்டை விட்டு வெளியே வந்த பிறகும், வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, சைக்கிள் டியூபிலிருந்து மெதுவாகக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டிருந்தால், ஒரு துண்டுக் குடல் மணிக்கணக்கில் ஆடும். அதன் மேல்முனையை நூலால் ஒரு நெம்புகோலில் கட்டுவேன். நெம்புகோலின் நுனி, புகை படிந்த தாள் சுற்றிய உருளையில் கோடு கிழிக்கும். உருளை மெல்லச் சுழலும். குடல் சுருங்கினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். முதலில் ஓர் உப்பைப் போட்டு வேண்டுமென்றே இழுத்துப் பிடிக்க வைப்பேன். அதுதான் நாம் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்கிற வலியின் கோடு. பிறகு ஓம எண்ணெயைத் துளியிலும் துளியாகக் கலந்து விடுவேன். ஏறி நின்ற கோடு, மேட்டிலிருந்து இறங்குகிற மாட்டுவண்டி போல நிதானமாக இறங்கும். அதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

முதலாளி காலையில் ஒரு முறை வந்து எட்டிப் பார்ப்பார். அன்றும் வந்தார்.

“கொடல் என்னங்க சொல்லுது?”

“இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க.”

“சொன்னா எனக்கும் சொல்லுங்க. எங்கூட்டுல யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லை.”

அன்றைய வடிப்பு நல்ல வடிப்பு. கோடு அழகாக இறங்கியது. தாளை எடுத்து, அரக்குக் கரைசலில் நனைத்துக் காயப் போட்டேன்.

மத்தியானம் புதிதாகச் சேர்ந்த விற்பனைக்காரர் ஒருவருக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வயது, சுறுசுறுப்பான ஆள். ஓமவாட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கடைக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். குடலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அதனால் பிசைவு நிற்கிறது. இரைப்பையின் மேல்வாயையும் தளர்த்துகிறது, அதனால் உள்ளே அடைபட்ட காற்று ஏப்பமாக வெளியே வருகிறது. ஏப்பம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

“கொழந்தைகளுக்குப் படுக்க வெச்சுக் குடுக்கலாங்களா சார்?” என்று அவர் கேட்டார்.

“கூடாது. உட்கார வெச்சுத்தான் குடுக்கணும். குடுத்தப்பறமும் சித்த நேரம் தோள்மேல போட்டுக்கணும். மேல்வாய் தெறந்திருக்கும்போது படுக்க வெச்சா எதுக்களிச்சுப் போடும்.”

அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் திருப்தியாகக் கை கழுவிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அந்த நேரத்தில், அங்கிருந்து இரண்டு மைல் தூரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், என் மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். தலையின் இரண்டு பக்கமும் மணல் பை. இரண்டு கண்ணும் கட்டப்பட்டிருந்தன.

அவர் பொள்ளாச்சியில் வெல்ல வியாபாரம் செய்தவர். மண்டையளவு வெல்லத்தைத் தட்டி உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் என்றால் அது எந்த ஊர்க் கரும்பு, எத்தனை நாள் ஆனது, சுண்ணாம்பு கூடிவிட்டதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். வாலிப வயதில் கரும்புத் தோட்டத்தில் தோகை கிழித்து இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்தது. இரண்டு வருஷம் முகர்ந்தும் நக்கியும் தரம் சொல்லிச் சமாளித்தார். கண் தெரிகிற மாதிரியே வெல்லத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு நாள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் மறுக்க முடியாமல் கோயமுத்தூர் வந்தார்.

மகள் வீட்டில் தொடர்ந்து இரண்டு வேளை சாப்பிடுவதே அவருக்குக் கூச்சம். “ஒறம்பரை ஊட்டுல ஒரு நாளைக்கு மேல இருந்தா நாயும் மதிக்காதுங்க” என்பார். என்னிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ சேர்ப்பார். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் என் உத்தியோகத்தை வைத்து விளையாடாமல் இருக்க மாட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“எங்க மாப்பிள்ளைங்க மருந்துக் கம்பெனியில பெரிய வேலையிலங்க இருக்காரு. ஆட்டுக் கொடலைத் தொங்க உட்டுப்போட்டு, அது ஆடறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு மாசாமாசம் சம்பளமுங்க.”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர மறக்கவில்லை.

முந்தின சனிக்கிழமை அறுவை நடந்தது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, அசையக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது, மலம் கழிக்கும்போது முக்கக் கூடாது என்று சொன்னார். கண்ணில் போட்டிருப்பது முடி போன்ற தையல். ஒரு முறை உடம்பு குலுங்கினால் காயம் வாய் பிளந்துவிடும். “இன்னொரு கண்ணு இருந்தா நான் இவ்வளவு சொல்ல மாட்டேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாமனாருக்கு வயிறு உப்பிக்கொண்டு பிசைந்தது. அசையாமல் படுத்து, குழைந்த சாதமாகச் சாப்பிட்டதில் காற்றுக் கட்டிக்கொண்டது. நெற்றியெல்லாம் வியர்த்தது. முக்கிவிடுவாரோ என்று பயந்தோம். நர்ஸம்மா, “ஓமவாட்டர் இருந்தாக் குடுங்க” என்றார். ஓமவாட்டரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். எண்ணெய் வாசனைக்கு மேல் கொஞ்சம் இருக்கும், அவ்வளவே. நான் அதைக் கொடுக்கவில்லை. என் சோதனை மேசையில் சுத்தமான எண்ணெய் ஒரு சின்ன சீசாவில் எப்போதும் இருக்கும். காவல்காரரைக் கூப்பிட்டுத் தொழிற்சாலையைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு போனேன். சர்க்கரையில் மூன்று சொட்டு விட்டு, வெந்நீரில் கரைத்து, மூக்கு வைத்த கிண்ணத்தால் ஊட்டினேன்.

கால் மணி நேரத்தில் பிசைவு நின்றது. நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. மாமனாரின் முகத்தில் கட்டுக்குக் கீழே இருந்த பாதி தளர்ந்தது.

“மாப்பிள்ளைங்க மருந்து கேட்டுப்போச்சுங்க” என்றார். “நெம்ப நல்ல மருந்துங்க.”

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்க, கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை வயிற்றில் வலி இல்லை. இருந்தும் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமையும் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும், நான் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதே மூன்று சொட்டு. இரண்டு நாளும் அவர் ஏப்பம் விட்டார். செவ்வாய்க்கிழமை அவர் விட்ட ஏப்பம் சற்றுச் சிரமப்பட்டு வரவழைத்தது போலிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு மேல் வெளியாட்களை வார்டில் இருக்க விட மாட்டார்கள். அதனால் இரவில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. காலையில் போகிற என் மனைவியிடம், “நல்லாத் தூங்குனேன் அம்மணி” என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் டிபன் கேரியரோடு போனபோது, என் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள்.

“அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்குதுங்க. கொரலே வேற மாதிரி இருக்குது. சாப்பாடும் பாதிதான் எறங்குச்சு.”

“படுத்தே கிடந்தா அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

வார்டில் கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. மாமனாருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆனைமலைப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர். அவருக்கும் கண் அறுவை, அவருக்கும் இரண்டு கண்ணும் கட்டு. பேசினால் நர்ஸம்மா திட்டுவார் என்பதால் அவர்கள் இருவரும் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிப்பவர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்காக வாய் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். உண்மை விலை துண்டுக்குள்தான். தரகர் தன் துண்டை இரண்டு கட்டிலுக்கும் நடுவே போட்டு, என் மாமனாருக்கு இல்லாத காளைகளையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். நர்ஸம்மா ஒரு முறை, “ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டு என்ன, கல்யாணமா நடக்குது?” என்று கேட்டிருக்கிறார்.

சாதம் கொடுத்து முடித்தேன். கிண்ணத்தில் மருந்தைக் கலந்து பாதி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“வயிறு எப்படீங்க மாமா?”

“நெம்ப நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை.”

பக்கத்துக் கட்டிலிலிருந்து தரகர் பேசினார். “ஏனுங் தம்பி. உங்க மாமனாரு வாயில ஒரு வெலை சொல்றாரு, கையில ஒரு வெலை சொல்றாருங்க.”

“தரகரே, சும்மா இருங்க” என்றார் மாமனார். குரல் கரகரவென்று இருந்தது.

“நான் எதுக்குங்க சும்மா இருக்கோணும்? என்ற கண்ணைத்தான் கட்டியிருக்கறாங்க, காதைக் கட்டுலையே.” தரகர் கூரைக்கு முகம் காட்டியபடியே பேசினார். “ரவைக்கு இவரு தூங்கறதே இல்லைங்க தம்பி. எச்சிலை முழுங்கறாரு, முழுங்கறாரு, முழுங்கிக்கிட்டே கெடக்கறாரு. இருமல் வந்தா துண்டைக் கடிச்சுக்கறாரு. என்னங்கன்னு கேட்டா வாயத் தெறக்குலைங்க. என்ற கையை இழுத்து நெஞ்சு மேல வெச்சாரு. அப்பறம் அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சாரு.”

“அஞ்சு விரலுன்னா என்னங்க?”

“எரிச்சலுங்க. ஒரு விரலுன்னா சித்தெ, கொஞ்சூண்டு. கை பூராவும்னா தீயுங்க. நாங்களா வெச்சுக்கிட்ட வெலை.”

நான் கிண்ணத்தை விலக்கிப் பிடித்தேன். “நர்ஸம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க மாமா?”

பதில் தரகரிடமிருந்துதான் வந்தது. “நானும் அதைத்தான் கேட்டேனுங்க. மாப்பிள்ளை கையால குடுத்த மருந்து எரியுதுன்னு ஆஸ்பத்திரி பூரா தமுக்கடிக்கச் சொல்றீங்களான்னு எம்மேல பாயறாரு.”

மத்தியானம் விற்பனைக்காரரிடம் நான் சொன்ன பதில் அப்போது என் காதில் அப்படியே கேட்டது. மேல்வாய் திறந்திருக்கும்போது படுக்க வைத்தால் எதுக்களிக்கும். குழந்தையைப் பற்றிக் கேட்டதற்குச் சொன்னேன். மல்லாந்து படுத்தே கிடக்கிற மனிதரைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. குடலைத் தளர்த்துகிற எண்ணெய் இரைப்பையின் வாயையும் தளர்த்தும். காற்று வெளியே வருகிற வழியில் புளித்த நீரும் வரும். நிற்பவருக்கு அது கீழேயே தங்கிவிடும். படுத்தவருக்குத் தொண்டை வரை வரும். இதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை.

“மிச்சத்தையும் குடுங்க மாப்பிள்ளை. வீணாப் போகுது” என்றார் மாமனார்.

“வேண்டாமுங்க.”

“நல்ல மருந்துங்க. தரகரு பேச்சை…”

அதற்குள் இருமல் வந்துவிட்டது. துண்டை எடுக்க அவர் கை தேடியது. துண்டு நடுவில், தரகர் கைமேல் கிடந்தது. ஒரே ஓர் இருமல்தான். ஆனால் நான்கு நாளாக அடக்கி வைத்திருந்த எல்லாம் அதில் இருந்தது. தோள் படுக்கையை விட்டு எழும்பி விழுந்தது. ஒரு மணல் பை தரையில் உருண்டது. அவர் கை கண்கட்டை நோக்கிப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“கண்ணுல சுருக்குன்னுதுங்க” என்றார். உடனே, “ஒண்ணுமில்லீங்க” என்றும் சொன்னார்.

நர்ஸம்மா வந்தார். மணல் பையை எடுத்து வைத்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“நான் ஓமவாட்டர்னுதானே சொன்னேன். இது எண்ணெயில்ல?”

“ஆமாங்க.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“இல்லீங்க.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆபீஸ் அறைக்குப் போய் டாக்டர் வீட்டுக்கு டெலிபோன் செய்துவிட்டு வந்தார். இரவில் கட்டைப் பிரிக்க வேண்டாம், காலையில் வந்து பார்க்கிறேன், அந்த எண்ணெயை நிறுத்துங்கள், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள், ஆறிய பால் இரண்டு வாய் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். வார்டு ஆள் ஒருவர் பின்பக்கத்திலிருந்து நாலு செங்கல் கொண்டுவந்தார். நானும் அவரும் தலைமாட்டுப் பக்கம் கட்டிலை மெதுவாகத் தூக்க, நர்ஸம்மா ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல் வைத்தார். இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானே இதைச் சொல்லியிருப்பேன்.

“கட்டலு மேடேறிப் போச்சுங்களா?” என்றார் மாமனார். “மாப்பிள்ளைங்க எதுக்குங்க இதையெல்லாம் தூக்கறது?”

ஏழு மணிக்கு மணி அடித்தார்கள். இருக்கட்டுமா என்று கேட்டேன். நர்ஸம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டில் என் மனைவி கேட்ட கேள்விகள் நான் தொழிற்சாலையில் கேட்கிற மாதிரியே வரிசையாக இருந்தன.

“எத்தனை சொட்டுங்க குடுத்தீங்க?”

“மூணு.”

“வலி என்னைக்கு நின்னுச்சுங்க?”

“ஞாயித்துக்கெழமையே.”

“அப்பறம் எதுக்குங்க குடுத்தீங்க?”

அவள் கேரியரின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவினாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நல்ல மருந்துன்னு அப்பா ஒரு வார்த்தை சொன்னாரில்லீங்க, அதுக்காகக் குடுத்திருக்கறீங்க. நீங்க சந்தோசப்பட்டதைப் பாத்துப்போட்டு அவரும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கறாரு. எங்கப்பா எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லைங்க. நல்லாத் தூங்குனேன்னு எங்கிட்டயும் சொல்லிப்போட்டாரு.”

அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாதானம் செய்திருக்கலாம். அவள் அழவில்லை.

கண் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் டாக்டர் கட்டைப் பிரித்தபோது, காயத்தின் விளிம்பில் கருவிழிப் படலத்தின் ஒரு நுனி வெளியே பிதுங்கி மாட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் அறுவை மேசைக்குக் கொண்டுபோய் அதைச் சரிசெய்தார்கள். இன்னும் இரண்டு வாரம் படுத்தார். பார்வை வந்தது. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்து, “எளைச்சுப் போயிட்டியே அம்மணி” என்றார். ஆனால் அந்தக் கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை. மேல்பக்கம் இழுபட்டு, நுனி மேலே இருக்கிற நீர்த்துளி போல் இருக்கிறது. வெயிலில் அவருக்குக் கண் கூசி நீர் வழிகிறது. இப்போது குடோனுக்குள், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டுதான் வெல்லம் பார்க்கிறார்.

அந்த ஓர் இருமலால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். இருமாதவர்களுக்கும் சில சமயம் ஆகும் என்றார். எது என்று சொல்ல முடியுமா என்று மறுபடி கேட்டேன். முடியாது என்றார். என் உருளையில் என்றால் சொல்லிவிடலாம். எண்ணெய் விடுவதற்கு முன் ஒரு கோடு, விட்ட பின் ஒரு கோடு. சந்தேகம் வந்தால் உப்புநீரை மாற்றிக் கழுவிவிட்டு, இன்னொரு முறை விட்டுப் பார்க்கலாம்.

தொழிற்சாலையில் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, ஓமவாட்டர் சீசாவில் ஒட்டுகிற சீட்டில், உட்கார்ந்து குடிக்கவும், குடித்தவுடன் படுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். “படுக்காதேன்னு போட்டா எவனுங்க வாங்குவான்?” என்று முனகினார். ஆனாலும் சேர்த்தார். எழுத்து சின்னதாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறை சீட்டு அச்சாகும்போதும் நினைக்கிறேன்.

மாமனார் யாரிடமும் என்னைக் குறை சொன்னதில்லை. மாப்பிள்ளை மருந்தில்தான் வயிறு தப்பித்தது என்று இன்றும் ஊரில் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் ஆட்டுக் குடல் கதையை அவர் அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் சொல்லவில்லை. யாராவது ஆரம்பித்தால்கூடப் பேச்சை மாற்றிவிடுகிறார். போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, சொல்ல மாட்டாரா என்று சாப்பாடு முடியும் வரை காத்திருந்தேன். “ரசம் நல்லா இருக்குதுங்களா மாப்பிள்ளை” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள், வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஆணியில் தொங்கிய பிளாஸ்கை எடுக்கவில்லை. குளிக்கவும் இல்லை. முதல் வேலையாக சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. நர்ஸம்மா என்னைப் பார்த்துவிட்டு, நேரமாகவில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டார்.

தரகர் விழித்திருந்தார். “ஆருங்க, தம்பிங்களா? இன்னைக்குச் சந்தைங்க. இன்னேரம் பொள்ளாச்சியில மாடு எறங்கியிருக்கும். நான் இங்க மல்லாந்து கெடக்கறேன்.”

“உங்க துண்டைச் சித்த குடுங்க” என்றேன்.

அவர் எதுவும் கேட்காமல் கொடுத்தார்.

மாமனாரின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறது என்று வாயால் கேட்கவில்லை. துண்டை அவர் கைமேல் போட்டு, என் கையை உள்ளே விட்டேன். யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தரகரின் கை காய்த்துப்போன கை. என் கை அப்படி இல்லை. சிறிது நேரம் அவர் கை சும்மா கிடந்தது. பிறகு என் சுண்டுவிரலை மட்டும் பிடித்தார். பிடித்துவிட்டுச் சற்று யோசித்தார். அப்புறம் அடுத்த விரலையும் சேர்த்துக்கொண்டார்.